மூன்று மகன்கள், மூன்று பாட்டில்

மருந்துக்கடையில் மாத்திரை விற்பது சுலபம். எதை எதோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள்தான் நமக்கே தலைவலி மாத்திரை தேவைப்படும். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே கால் வீங்கிய சகாக்களே, உங்களுக்கு இது புரியும். எண்பதுகளில் பெரம்பலூரில் நான் கடை வைத்திருந்தபோது, லப்பைக்குடிக்காட்டிலிருந்து ரஹ்மத் பீவியம்மா வருவார். மகன்கள் மூவரும் வளைகுடாவில். தங்கமான மனுஷி. ஆனால் அவர் வந்துபோனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

சேரக் கூடாத இரண்டு

கடைசி மருமகள் பானு முழுகாமல் இருந்தாள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் எழுதியிருந்தார். "காலையில இது, ராத்திரி அது. ரெண்டையும் சேர்த்துக் குடுக்காதீங்கம்மா, இரும்பு உடம்புல ஒட்டாது" என்றேன். பானு முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமியார் அவளை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரே வூட்டுல மாமியா மருமவ நாங்களே ஒட்டிக்கிட்டுக் கெடக்குறோம், மாத்திரைக்கு என்ன வந்துச்சு தம்பி?"

டீ

அடுத்த மாதமும் பானுவின் முகம் வெளுத்தே இருந்தது. விசாரித்தால், இரும்புச்சத்து மாத்திரையை டீயில் விழுங்கிக்கொண்டிருக்கிறாள். டீ இரும்பைச் சேரவிடாது, மாத்திரைக்கு முன்னும் பின்னும் டீ பக்கமே போகாதே, எலுமிச்சம்பழச் சாறு குடி என்று தொண்டை வறளச் சொன்னேன். இருமல் மருந்துக்குக் காத்திருந்த அரும்பாவூர்க்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

"அது ஆகாது, இது ஆகாதுங்குதே, இது மாத்திரையா, புது மாப்பிள்ளையாங்க?"

பாட்டில்கள்

மறுபடி வந்தபோது பானுவுக்குத் தலைவலி, உதடெல்லாம் வெடிப்பு. "வேற ஏதாவது சாப்பிடுறாளா?" என்றேன். ரஹ்மத் பீவியம்மா பெருமையாகப் பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். பெரியவன் சவூதியிலிருந்து அனுப்பியது சிவப்பு மாத்திரை, நடுவுள்ளவன் குவைத்திலிருந்து அனுப்பியது மஞ்சள், பானுவின் புருஷன் துபாயிலிருந்து அனுப்பியது மீன் எண்ணெய் உருண்டை. ஒருவன் பாட்டிலைத் திறந்து மற்றவனுடையதை மூடிவைத்தால் மனம் கோணுமாம். அதனால் தினமும் மூன்றிலும் கொடுத்திருக்கிறார்.

லேபிள்களைப் படித்தேன். நிறம்தான் வேறு, மூன்றிலும் வைட்டமின் ஏ. அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து. பாட்டில்களோடு அவர்களை டாக்டரிடமே அனுப்பினேன். அவர் திட்டித் தீர்த்து, மூன்றையும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். திரும்பி வந்த ரஹ்மத் பீவியம்மாவுக்குக் கவலை வேறு மாதிரி இருந்தது.

"எம் மாத்திரைய சாப்ட்டாளான்னு மூணு பேரும் கேசட்டுல கேப்பானுங்களே, நான் பொய் சொல்ல மாட்டேனே தம்பி!"

கேசட்

அப்போதெல்லாம் குரலைக் கேசட்டில் பதிந்துதான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அந்தம்மா டேப்ரிக்கார்டரைக் கடைக்கே தூக்கிவந்துவிட்டார். பிள்ளையின் உயிருக்காக அதன்முன் குனிந்து கெஞ்சினேன், மகனுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. நடுவில் ஒருவர் பேதி மாத்திரை கேட்டதும் பதிவாகி வளைகுடாவுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் மூன்று பதில் கேசட்டுகள் வந்தன. சொல்லிவைத்தாற்போல மூன்றிலும் ஒரே பேச்சு.

"கடைக்காரர் சொல்றது நூத்துக்கு நூறு உண்மைம்மா, மத்த ரெண்டு பேரோடதையும் நிறுத்திட்டு என்னோடத மட்டும் குடுங்க."

பிரசவம்

நல்லவேளை, ரஹ்மத் பீவியம்மா எவனுக்கும் மசியாமல் மூன்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனாலும் முன்பே உள்ளே போனது போனதுதானே. பானுவைப் பார்க்கும்போதெல்லாம் "ஒண்ணும் ஆகாதும்மா" என்பேன். அவள் போனதும் மருந்துப் புத்தகத்தைப் புரட்டுவேன்.

ஒருநாள் அந்தம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். பெண் குழந்தை, ஒரு குறையும் இல்லை, ஊரைக் கூட்டும் அழுகை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதற்குள் மூன்று பாட்டில்களையும் எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"இதெல்லாம் உங்களுக்குத்தான் தம்பி, அடுத்த மாசம் மூணு பேரும் லீவுல வாரானுங்க, சாப்ட்டீங்களான்னு உங்ககிட்டயே கேப்பானுங்க."

அன்றிலிருந்து யார் வந்து சத்து மாத்திரை கேட்டாலும், உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால், வெளிநாட்டில் எத்தனை மகன்கள் என்றுதான் கேட்கிறேன்.