சம்பளத்தை விற்ற ஞாயிற்றுக்கிழமை

ஏலக்காய் வாசனையும் காய்ச்சிய சாக்லேட் வாசனையும் காலை நேரத்து ‘மஞ்சு’ என்னும் மூடுபனியின் ஈரத்தோடு கலந்து ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரை வந்துகொண்டிருந்த அந்தச் சித்திரபுரம் இறக்கத்தில், அன்றைக்கு நான் இருந்தேன், அம்மா இருந்தாள், அம்மாவின் தம்பி செல்வம் மாமா தன் ஜீப்போடு இருந்தார், அப்பா வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறைதான், அவருக்கு வேறு வேலையும் இல்லை. ஆனால் எஸ்டேட் கொடுத்த ‘லயத்து’ வீட்டில் குடியிருப்பவன் யாரோடும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்பது அவர் தன் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த ஒழுங்கு. “நீங்க போயிட்டு வாங்க. நீங்க போனதப் பாத்த ஞாபகமே எனக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு, ரேடியோவைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் மூவரின் காலடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் இருந்தது என் சம்பளம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த ‘வெகேஷனில்’, ரோட்டோரத்து மசாலா, சாக்லேட் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுதான் என் முதல் வேலை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. அம்மா மூன்றாவதோடு கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டியவள், அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். கடை முதலாளியை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், சீசன் முடிந்ததும் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத் தருவதாகப் பேச்சு. பொட்டலம் கட்டுவது, மாடியிலிருந்து சரக்கு இறக்குவது, கண்ணாடி துடைப்பது எல்லாம் செய்தேன் என்றாலும், எனக்கென்று அண்ணாச்சி ஒதுக்கிய வேலை ஸ்டிக்கர் அடிப்பது. கையடக்கமான ஒரு மெஷினை அழுத்தினால் ‘டக்’ என்று விலைச்சீட்டு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் எனக்கு அப்போது ரொம்பவும் பிடித்திருந்தது.

அந்த மெஷினால்தான் ‘கச்சவடம்’ என்கிற வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒரு சாக்லேட் பெட்டி கடையில் வந்து இறங்கும்போது தொண்ணூறு ரூபாய். அதன்மேல் நான் அடிக்கும் சீட்டு முந்நூற்று ஐம்பது. முகத்தைச் சுளிக்கிற ஆளுக்கு ஐம்பது ரூபாய் தள்ளுபடி. சுற்றுலாக்காரர்களை வண்டியில் கொண்டுவந்து இறக்குகிற டிரைவருக்குக் கமிஷன். செல்வம் மாமாவும் அப்படிக் கமிஷன் வாங்கிக்கொண்டிருந்தவர்தான். மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு வாடகை டீசலுக்குத்தான் சரியாகும், சோறு கமிஷனில்தான் வரும்.

சீசன் முடிந்தது. ரிசல்ட் வந்தது. அடிமாலியில் எனக்குப் பிளஸ் ஒன் சீட்டும் கிடைத்தது. விடுதிக்கு முன்பணம் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அப்பா தொழிற்சாலையில் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியிருந்ததால், வீட்டில் இருந்த ஒரே வழி என் சம்பளம்தான். நான் போய்க் கேட்கும்போதெல்லாம் அண்ணாச்சி சிரித்த முகத்தோடு டீ வாங்கிக் கொடுத்தார், பணம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “தம்பி, ஒனக்கு நல்ல கைராசி. பேசாம ஒரு வருசம் இங்கயே நில்லு. மொத்தமா சேத்து வாங்கிக்கோ. படிப்பு எங்க ஓடிப் போயிரப்போவுது?”

நான் படிக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. மாடிக்குப் போய், விற்காமல் தங்கிப்போன சாக்லேட் பெட்டிகளில் இருபதை எண்ணி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார். “இருவது முந்நூத்தம்பது எவ்வளவு? ஏழாயிரம். கணக்கு நேராச்சா? நீ படிச்ச பயல்லா, பெருக்கிப் பாத்துக்கோ.”

பெருக்கிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லயம் வரை ஏறி வந்ததில் எனக்கு வந்த கோபம் முழுக்க அந்தப் பெருக்கலின் மேல்தான்.

லேபர் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதுகிறேன் என்று நான் காகிதத்தை எடுத்தேன். அம்மா அதைப் பிடுங்கவில்லை, திட்டவும் இல்லை. “எழுதுய்யா, நல்லா எழுது. அது மலை எறங்கி, கையெழுத்து வாங்கி, திரும்ப மலை ஏறி வரும். அதுக்குள்ள அடிமாலி விடுதில ஒன் கட்டில்ல வேற எவனாவது படுத்து எந்திரிச்சு, பாஸாகி வெளிய வந்திருவான்” என்றாள். அந்த நேரத்தில்தான் செல்வம் மாமா உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் ஒட்டிய சீட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

“ஏன்க்கா, மாட்டக் குடுத்தா மாட்டுச்சந்தையில விக்கணும். சாக்லேட்டக் குடுத்திருக்கான். சாக்லேட்டு எங்க வெல போகும்?”

“எங்க?”

“அவன் கடைக்கு நேர் எதிர்ல.”

அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். “ஒன் பொழப்பு அந்த ரோட்டுலதானடா கெடக்கு” என்றாள். மாமா கையிலிருந்த பெட்டியை மற்றதோடு சேர்த்து வைத்தார். “நாளைக்கு ஞாயித்துக்கெழம, வண்டி நெறைய வரும்” என்றார்.

அப்படித்தான் அந்த இறக்கத்தில் நாங்கள் நின்றோம். ஜீப்பின் பானெட்டின் மேல் அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தன் படங்கை விரித்து, பெட்டிகளை வரிசையாக அடுக்கினாள். விலையை அவளே முடிவு செய்தாள்: இருநூறு ரூபாய். சீட்டைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். “கிழிச்சே, கைய ஒடிச்சிருவேன். அது இருந்தாத்தான அழகு” என்றாள். மூன்றாவதோடு நின்ற அவளுக்குத் தெரிந்த அந்தச் சீட்டின் மதிப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதலில் வந்தது கோயம்புத்தூர் வேன் ஒன்று. அதிலிருந்து இறங்கியவர்கள் நேராக எதிர்க்கடைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கையில் பையோடு வெளியே வந்த ஓர் அம்மாள், எங்கள் பானெட்டைப் பார்த்து நின்றார். பிறகு ரோட்டைக் கடந்து வந்தார்.

“ஏனுங்க, இது அதே பொட்டிதானுங்களே?”

“அதேதாங்க” என்றாள் அம்மா.

“இதுலயும் முந்நூத்தி அம்பதுன்னுதானுங்க போட்டிருக்குது. நீங்க எவ்வளவுங்க?”

“இருநூறு.”

அந்த அம்மாள் தன் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அதன்பின் வேனைப் பார்த்துப் போட்ட சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. வேன் முழுக்க எங்களிடம் வந்தது. கடைக்குள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் பாதிப் பேர் போனார்கள். நான் படித்த பிள்ளையின் பொறுப்போடு ஒருவரிடம், “உண்மையில் இது கடைக்கு இறங்கும் விலை...” என்று ஆரம்பிக்க, அம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். “வித்தாப் போதும், பாடம் நடத்தாத.”

அண்ணாச்சி வந்தார். செருப்பு போட மறந்திருந்தார்.

“ஏ தாயி, என் சரக்க என் வாசல்லயே வச்சு விக்கியே, இது ஞாயமா?”

“ஒங்க சரக்கா? இது எம்புள்ள சம்பளம்லா அண்ணாச்சி. நீங்கதான எண்ணிக் குடுத்தீக? நாங்க சம்பளத்தத்தான் விக்கோம்.”

கோயம்புத்தூர்க்காரர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி மாமாவிடம் திரும்பினார். “செல்வம், நீ நம்ம ஆளுல்லா. வண்டிய எடு.”

“வண்டி ரிப்பேர் அண்ணாச்சி” என்றார் மாமா. அவர் முதுகுக்குப் பின்னால் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“சரி, அந்தா இந்தான்னு பேச வேண்டாம். மிச்சப் பெட்டியக் கொண்டாங்க, நாலாயிரம் தாரேன். வித்தத நீங்க வச்சுக்கோங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். அதுவரை அவளும் மாமாவும்தான் பேசினார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், இது உன் கூலி என்பது.  பள்ளியில் பதில் சொல்ல எழுந்து நிற்கும்போது வரும் குரல் என்னிடம் இருந்தது, அந்தக் குரலில் சொன்னேன்: “ஏழாயிரம்தானே அண்ணாச்சி பேச்சு. நாலாயிரம்னா, பெட்டிக்கு என்ன விலை போட்டு எடுத்துக்குறீங்கன்னு சொல்லுங்க. மாடியில இறக்கும்போது நான்தான் எண்ணினேன். ஒரு பெட்டி இறங்குற விலை...”

“போதும் தம்பி” என்றார் அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “போதும். ஏழாயிரமே வாங்கிக்கோ.”

கல்லாவிலிருந்து எடுத்து வந்த நோட்டுகளை அவர் அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேல செஞ்சவன்கிட்டக் குடுங்க.” நான் வாங்கினேன். அங்கேயே நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, மிச்சப் பெட்டிகளை அவரிடம் கொடுத்தேன். மறுநாள் அடிமாலியில் விடுதிக் கட்டணத்தைக் கட்டி, சாக்லேட் விற்ற காசில் ஒரு தகரப்பெட்டியும் வாங்கினோம். அப்பா அந்தப் பெட்டியின் மேல் தனக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்லை, தன் பெயரை, என் பெயருக்குப் பக்கத்தில் பெயிண்டால் எழுதிக் கொடுத்தார்.

படித்தேன். பிளஸ் டூ, அதன்பின் கல்லூரி, இப்போது அடிமாலியில் ஓர் அலுவலகத்தில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் கணக்கில் விழுகிறது, யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அந்த இறக்கத்தில் ரோட்டை அகலப்படுத்தியபோது கடைவரிசை போய்விட்டது. ஸ்டிக்கர் அடிக்கும் அந்தக் கை மெஷினைக் கடைகளில் பார்த்தே வருடங்கள் ஆகின்றன. ஜீப்புகளும் குறைந்துவிட்டன, வருகிறவர்கள் சொந்தக் காரில் வந்து, விலையைப் போனில் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அன்றைக்குச் செய்தது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, செல்வம் மாமாவின் வண்டிக்கு அந்த ரோட்டில் எந்தக் கடையும் கமிஷன் கொடுக்கவில்லை. ஓணம் சீசனுக்கும் இல்லை, கிறிஸ்துமஸ் சீசனுக்கும் இல்லை. அதற்குமேல் தாங்காது என்று அவர் வட்டவடைக்குப் போய்க் காரட்டும் முட்டைக்கோசும் ஏற்ற ஆரம்பித்தார். போன மாதம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மொத்தம் எவ்வளவு போயிருக்கும் மாமா என்று கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னார்.

“அந்த ரெண்டு சீசனுக்கு மட்டும் பதினெட்டாயிரம் மாப்ளே.”