பெயர் சொல்லக்கூடாத மருமகன்

எங்கள் ஊருக்கு வந்து தங்கிய ஆஸ்திரேலிய மிஷனரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோகவில்லை. அவர் எனக்கு மருமகன் முறை ஆகிவிட்டார். எங்கள் தீவில் பெண் கொடுத்த வீட்டார் மருமகன் பெயரை வாயால் சொல்வதில்லை. வாயால்தானே கூடாது, எழுதினால் என்ன என்று போதகரைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

இதற்கெல்லாம் காரணம் என் அண்ணி ஹெஸ்லின். பதினோரு வருடம் தலைநகர் போர்ட் விலாவில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைத்தவள். துவைத்தபடியே ஆங்கிலம் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊர் திரும்பி, தோட்டத்தில் கிழங்கு நட்டாள். மூன்று மகன்கள். நான்காவதாகப் பிறந்த பெண் குழந்தை ஏழு மாதத்தில் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்கு என் மருந்து நிலையத்தில்தான் ஊசி போட்டேன். பலிக்கவில்லை. அண்ணி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மிஷனரியும் அவர் மனைவி கிளேரும் வந்தபோது, எங்கள் போதகர் வில்டன் மொழிபெயர்க்க அண்ணியைத்தான் கூப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் ஆங்கிலம் வரும், ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் பாஷை மிஷனரிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவர் ஒரு வரி சொல்வார், அண்ணி எங்கள் பாஷையில் சொல்வாள். அவர் ஒரு வரி சொன்னால் சில நாள் அண்ணி ஐந்து வரி சொல்வாள். அவர் அரைமணி நேரம் சொன்னதை ஒரே மூச்சில் முடித்துவிடுவதும் உண்டு. திராட்சைத் தோட்டம் கிழங்குத் தோட்டமாகும், ஓநாய் காட்டுப்பன்றியாகும். சனங்கள் சிரிப்பார்கள், கண்ணைத் துடைப்பார்கள். இருபது பேர் வந்த கோயிலுக்கு அறுபது பேர் வந்தார்கள்.

"நான் ஜோக் எதுவும் சொல்லலையே, ஏன் சிரிக்கிறாங்க?" என்று அவர் கேட்பார்.

"உங்க கால பாத்திருப்பாங்க. கோழிக்கால்கூட இதவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கும்" என்பாள் அண்ணி. அவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

கிளேர் தினமும் அண்ணியோடு தோட்டத்துக்குப் போனாள். இருவரும் ஒரே இலையில் லாப்லாப் என்னும் கிழங்கு அப்பம் சாப்பிடுவார்கள். இரண்டாம் வருடம் அண்ணியே ஊர்த் தலைவர் எல்டாடிடம் போய், "அந்தப் பொண்ண எனக்கு மகளாக் குடுங்க" என்று கேட்டாள். ஊருக்கே சந்தோஷம். பன்றி அடித்தோம். தலைவர் கிளேரைப் பாயில் உட்காரவைத்து, அந்தப் பாயை அண்ணிக்குக் கொடுத்தார். இறந்த குழந்தையின் பெயரையே அண்ணி அவளுக்கு வைத்தாள். அழுதாள். நானும் அழுதேன்.

மகள் வந்தால் மருமகனும் கூடவே வருவார் என்பது அறுபது பேரில் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எல்டாடின் மனைவி கறித்துண்டைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை ஹெஸ்லின் யார் பக்கத்துல நிப்பா?" என்று கேட்டாள்.

என்னைப் போன்ற ஆண்களுக்குப் பெயர் மட்டும்தான் தடை. மாமியாருக்கு எல்லாமே தடை. மருமகனோடு பேசக்கூடாது, அவர் இருக்கும் இடத்தில் இருக்கக்கூடாது, எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்க வேண்டும். அது கோபம் இல்லை, மரியாதை. நேற்றுவரை காலைக் கேலி செய்தவள், மறுநாள் அவரைக் கண்டதும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு புதருக்குள் இறங்கினாள்.

நான் மிஷனரிக்கு விளக்கிச் சொன்னேன். அவர் பெருந்தன்மையாக, "நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்னு சொல்லுங்க. என் விஷயத்துல அவங்க எதையும் கடைப்பிடிக்க வேண்டாம்" என்றார்.

கிளேர் போய்ச் சொன்னாள். அண்ணி, "அவுத்து விடுறதுக்கு இது அவர் கட்டின கயிறு இல்லம்மா" என்றாள்.

அவர் கிளேரிடம் சொல்வது, கிளேர் கோயிலுக்கு வெளியே நிற்கும் அண்ணியிடம் சொல்வது, அண்ணி சன்னல் வழியாக எங்களுக்குச் சொல்வது என்று ஒரு வாரம் பார்த்தோம். மழை பெய்தது. பாதி பிரசங்கம் ஓலைக்கூரைச் சத்தத்தில் போயிற்று. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் சைலஸ் மொழிபெயர்த்தான். வரிக்கு வரி, பிசகாமல். திராட்சை திராட்சையாகவே நின்றது. எங்களில் யார் திராட்சைக் கொடியைப் பார்த்தோம்? கொட்டாவி விட்டோம். அறுபது நாற்பதாகி, நான்கு மாதத்தில் பன்னிரண்டானது.

போதகர் அண்ணியிடம் போனார். "ஒரு பன்றியக் குடுத்து, பாயத் திருப்பிக் குடுத்துட்டா முறை போயிடும். கிளேர் பழையபடி கிளேரா இருக்கட்டும்."

"ஓட்டைச் சட்டின்னா கடையில திருப்பிக் குடுக்கலாம். பிள்ளைய எந்தக் கடையில குடுக்கிறது? ஒருத்திய ஏற்கெனவே மண்ணுக்குக் குடுத்தாச்சு" என்றாள். போதகர் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

ஆனால் பேசாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டரை யாராவது தட்டினால், தோட்டத்தில் குனிந்தபடியே கிழங்குக் கொடிகளுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. இதில் யார் மேல் கோபப்படுவது என்று புரியாததுதான் பெரிய எரிச்சல்.

ஒரு நாள் மிஷனரி மருந்து நிலையத்துக்கு வந்தார். "ஆல்பன், வேற தீவுக்கு மாத்திடுங்கன்னு லெட்டர் எழுதிட்டேன். அடுத்த கப்பல்ல குடுத்துடுவேன். என் பேச்சுல பரிசுத்த ஆவி இல்ல. ஹெஸ்லினும் என்னை வெறுக்கிறாங்க. நான் என்ன பண்ணினேன்?"

முறையை எத்தனை தடவை சொன்னாலும் அவர் மனம் ஏற்கவில்லை. முகம் மூடுகிறவளைப் பார்த்து அன்பு என்று நம்ப அவர் ஊரில் யாரும் பழக்கவில்லை போலும். பிரசங்கம் பாதி அண்ணியுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவரைத் தேற்றுமா, இன்னும் உடைக்குமா? வலி மாத்திரை இரண்டைக் கொடுத்தனுப்பினேன். கேவலமான வைத்தியம்.

கடிதம் விஷயத்தை அண்ணியிடம் சொன்னேன். அவர் போனால் கிளேரும் போவாள். அண்ணி மண்வெட்டியை நட்டுவைத்தாள். "தம்பி, அவர வெளியில உக்கார வைங்க. நான் உள்ள நின்னு பேசுறேன்."

"அண்ணி, நீங்க தனியாவா? நம்ம கோயில்ல எந்தப் பொம்பளையும்..."

"ரெண்டு வருசமா நான்தான நின்னேன். பக்கத்துல ஒரு ஆம்பள நின்னாரு, அவ்வளவுதான்."

போதகரும் எல்டாடும் ஒரு பகல் முழுக்க வாதாடினார்கள். முடிவுக்கு வரவில்லை. அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

கடல் தாண்டிப் பிரசங்கம் பண்ண வந்த மனிதர், நான் சொன்னபடி கோயில் மூங்கில் தட்டிக்கு வெளியே, சுவருக்கு முதுகு காட்டி மண்ணில் உட்கார்ந்தார். தண்டனை என்று நினைத்திருப்பார். ஏன் என்று கேட்கவில்லை. துணைக்கு நான் உட்கார்ந்தேன். செய்தி பரவியதில் சனம் வந்திருந்தது. உள்ளே அண்ணி காணாமல்போன ஆட்டின் கதையைக் காணாமல்போன பன்றிக்குட்டியாக ஆரம்பித்தாள். முன்பு சிரித்த அதே இடங்களில் சிரிப்பு கேட்டது. அவர் தலையைத் தூக்கினார்.

"இது நான் முதல் வருஷம் சொன்ன பிரசங்கம்தானே?"

"ஆமா" என்றேன். அப்படியும் சொல்லலாம்.

பிறகு அண்ணியின் குரல் இறங்கியது. "நம்ம வீட்டுல ஒரு பையன் இருக்கான். அவனப் பெத்தவ தூரத்துல இருக்கா. நாம அவன வெறுக்கிறோம்னு நெனச்சு மனசு உடைஞ்சு கெடக்கான். அவனுக்காக செபம் பண்ணுங்க. பேர நான் சொல்ல மாட்டேன். ஆண்டவருக்குத் தெரியும்."

உள்ளே எல்லோரும் ஒரே குரலில் செபிக்க ஆரம்பித்தார்கள். தட்டி அதிர்ந்தது. கிளேர் அழுவது தனியாகக் கேட்டது.

"யாருக்காக இவ்வளவு உருக்கமா செபிக்கிறாங்க?" என்று அவர் கேட்டார்.

"ஒரு வீட்டுப் பையன். மனசு ஒடிஞ்சு போயிருக்கானாம்."

"பேர் என்ன? நானும் செபிக்கிறேன்."

அந்தப் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவருக்கு எல்லாமே புரிந்திருக்கும். முறை என் வாயை அடைத்தது. அது முறைதானா, என் கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"பேர் சொல்லல" என்றேன்.

"பரவாயில்ல" என்று அவர் கைகளைக் கோத்து, கண்ணை மூடி, தன் பாஷையில், அந்த முகம் தெரியாத பையனுக்காக மன்றாடத் தொடங்கினார்.