மாப்பிள்ளைப் பனியும் யாவரின் வாயும்

குலாம் யாவர் தூங்கும்போது மட்டும்தான் பேசமாட்டார் என்று தல்சோ ஊரில் சொல்வார்கள். அவர் மனைவி ஃபிஸ்ஸா அதையும் ஒப்புக்கொள்வதில்லை. அவர் பேச்சைத் தாங்காமல் இரண்டு ஆடுகள் மலையிலிருந்து குதித்தன என்பதெல்லாம் மிகை. ஒன்றுதான் குதித்தது.

அப்பேர்ப்பட்டவரிடம் ஊர் மாப்பிள்ளையை ஒப்படைத்தது, வேறு வழியில்லாமல்தான். மேலே இருந்த பனித்திட்டு கரைந்துபோய் மூன்று கோடையாக வயலுக்குத் தண்ணீர் இல்லை. புதுப் பனியாறு வளர வேண்டுமென்றால் கல்யாணம் செய்துவைக்க வேண்டும். வெள்ளைவெளேரென்ற பெண் பனியில் ஒரு கூடை, கல்லும் மண்ணும் கலந்த ஆண் பனியில் ஒரு கூடை, இரண்டையும் மலைக்குழியில் சேர்த்து மூட வேண்டும். பெண் பக்கத்து மலையிலேயே இருந்தாள். மாப்பிள்ளைக்கோ நூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் யாவர் ஒருவர்தான்.

“கூடை தரையில படக்கூடாது. சுமக்கிறவன் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா பனி வேர் புடிக்காது,” என்றார் தொழுகை நடத்தும் ஆகோன் ஜவாத்.

“எனக்குத் தெரியாதா ஆகோன் சாஹிப்? எங்க சித்தப்பா ஒருதடவ...”

“இதத்தான்பா சொல்றேன்.”

மாப்பிள்ளை ஊர்க்காரர்கள் விடியலில் ஆண் பனியை வெட்டி, யாவர் முதுகில் கூடையைக் கட்டி அனுப்பினார்கள். சாலையின் ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் பனியாறுகள் ஒவ்வொன்றாக இறங்கிவந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. வெயில் ஏறியதும் மேலே எங்கோ பனி பீரங்கிபோல் வெடித்தது. ஓடைகள் சாலையை வெட்டிய இடங்களில் யாவர் காலைத் தூக்கிக்கொண்டு கடந்தார். மாப்பிள்ளை கசிந்து அவர் சட்டைக்குள் இறங்கினான். வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

சோதனைச் சாவடியில் புதிதாக வந்த சமவெளிக்காரச் சிப்பாய் மறித்தான்.

“கூடையில என்னய்யா?”

யாவர் பல்லைக் காட்டினார். சிப்பாய் மூடியைத் திறந்தான்.

“பனியா? இந்த மலையில பனிக்குப் பஞ்சமா? எறக்கு, சோதனை போடணும்.”

அவன் கூடையைக் கழற்றித் தரையில் வைக்கக் குனிந்தான். அதற்குள் யாவர் அந்த இடத்தில் மல்லாந்து படுத்துவிட்டார். கூடை அவர் வயிற்றில் உட்கார்ந்தது.

“கிறுக்கன்டா. மாட்டி அனுப்பு,” என்றான் உள்ளே இருந்தவன்.

“கிறுக்கனுக்கு லைசென்ஸ் எவன் குடுத்தான்?” என்றபடி சிப்பாய் கூடையை மறுபடி அவர் முதுகில் மாட்டினான்.

கடைசித் தொங்குபாலத்தின் நடுவில் தும்மல் வந்தது. தும்மினார். தும்மினால் எல்லாரும் சொல்வதை அவர் வாயும் தானாகச் சொல்லிவிட்டது: “அல்ஹம்துலில்லாஹ்.”

யாவர் வண்டியை நிறுத்தினார். பாலத்தில் ஈ காக்கை இல்லை.

குழியருகே ஊரே நின்றது. பெண் பனி முன்பே வந்திருந்தது. “வழியில வாயத் தொறந்தியா?” என்றார் ஆகோன். இல்லையென்று தலையாட்டினால் முடிந்தது. யாவர் ஆமென்று ஆட்டினார்.

“போச்சு! இன்னொரு வருஷம் போச்சு!” என்று கத்தினார் தாகி. தண்ணீரில்லாமல் அவருடைய மாவு ஆலை நின்று கிடந்தது. “இவனுக்குப் பதிலா ஒரு கழுதைய அனுப்பியிருக்கலாம்!”

“கழுதைக்கு ஓட்டத் தெரியாதே அண்ணே,” என்றாள் ஃபிஸ்ஸா.

யாவர் தும்மிக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார்.

ஆகோனுக்குப் புரிந்தது. “அல்லாஹ்கிட்டதான் சொன்னியா?”

ஆம்.

“பதில் ஏதாச்சும் வந்துச்சா?”

யாவர் சற்று யோசித்தார். இல்லை.

“ஒருத்தர் மட்டும் சொன்னா அது துஆ, வேண்டுதல். ரெண்டு பேர் பேசினாத்தான் பேச்சு. பனிய எறக்குங்க.”

இறக்கினார்கள். கரியும் உமியும் போட்டுக் கல்லடுக்கி மூடினார்கள். அதிலிருந்து ஐந்தாம் கோடையில் அந்தப் புதுத் திட்டு கரையாமல் நின்றது. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. யாவர் முதல் வேலையாக அதில் வண்டியை நிறுத்திக் கழுவினார்.

“மாப்பிள்ள வீட்டுக்காரன்னா என்ன வேணாலும் செய்யலாமா?” என்று ஆலையிலிருந்து தாகி சத்தம் போட்டார்.

“ஆமா,” என்றார் யாவர்.