கதவில்லாத பலகைகள்

ஆம்பூரில் நாங்கள் கட்டும் புது வீட்டின் சமையலறைக்குக் கதவில்லாத பலகைகள்தான் அழகு என்று தச்சர் ஃபோனில் படம் காட்டினார்.

"இப்போ எல்லாரும் இப்டிதான் போட்றாங்க மேடம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும்."

சுரீரென்று கோபம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்து நாங்கள் பட்டது போதாதா?

என் சின்ன வயதில் அம்மா ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். விரலில் காய்ந்த பசையோடும் தோல் வாடையோடும் வந்து உலை வைப்பாள். அடுப்புக்கு மேலே இரண்டே பலகைகள். அவற்றில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றிலும் அடி தெரியும். அப்பாவின் அக்கா பேரணாம்பட்டிலிருந்து வந்தால் நேரே அங்கேதான் போய் நிற்பாள். ஒருமுறை அம்மா பழைய புடவையைத் திரையாகக் கட்டி மறைத்தாள். அத்தை அதையும் விலக்கிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், பரிமாறியவரிடம் அத்தை உரக்கச் சொன்னாள்: "என் தம்பி பொண்டாட்டிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைப்பா. வூட்ல பருப்பு பாட்டிலே காலி."

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா இலையை மூடிவிட்டு எழுந்தாள். ஒன்பது வயதில் நானும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

"எல்லாத்துக்கும் கதவு போடுங்க" என்றேன் தச்சரிடம்.

பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்தாள். "வேணாம்மா, தெறந்தே இருக்கட்டும். இப்போ எல்லாம் ரொம்பி இருக்குதே. வந்து பாக்கட்டும்."

பார்க்க வேண்டிய அத்தை செத்துப் பல வருஷமாகிறது. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.