எட்டாவது தடவையும் பின்னால் போனவன்

என் தம்பி டென்ஸில் நான்கரோவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அருமையாக ஓட்டுவான். முன்னால் போகத்தான் மாட்டான். இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் கார்ன்வால் சந்துகளில் இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குமிடம் வரை பின்னால் போயாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் என் தம்பிதான். முப்பத்தாறு வயதுக்குள் ஓட்டுநர் தேர்வில் ஏழு முறை தோற்றான். ஒரு முறை ஆட்டுக்கு வழிவிட்டான். ஆடும் நகரவில்லை, இவனும் நகரவில்லை.

ஒன்பது வருடமாக அவனைப் பாலாடைக்கட்டிப் பண்ணைக்குக் கொண்டுபோய் விடுவது யார்? இந்த அக்கா மொர்வென்னாதான். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இந்த லட்சணத்தில் செயின்ட் ஐவ்ஸ் ஓட்டல் ஒன்றில் எனக்குத் தலைமைச் சமையல்காரி வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். பண்ணையோ நேர் எதிர்த்திசை. வியாழக்கிழமை அவனுக்கு எட்டாவது தேர்வு. அவன் தோற்றால் என் வேலை போச்சு.

"டேய், இன்னிக்கு ஒரு நாள் மரியாதை கெட்டவனா இருடா. உன் காலைப் பிடிக்கிறேன்."

"முயற்சி பண்றேன்க்கா. மன்னிச்சுக்கோ."

அன்று நடந்ததைத் தேர்வாளர் பாஸ்கோ, சொட்டச் சொட்ட நனைந்துபோய் என்னிடம் சொன்னார். சந்தில் எதிரே ஒரு பச்சைக் கார். டென்ஸில் பின்னால் போனான். பச்சைக் காரும் பின்னால் போனது. ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கி, 'நீங்க வாங்க' என்று விளக்கைச் சிமிட்டினார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பி, நடுவில் சந்தித்து, மறுபடி பின்னால் போனார்கள். நாலு தடவை!

"போங்க தம்பி," என்றார் பாஸ்கோ.

"அவங்க முதல்ல வரட்டும் சார். பாவம், என்ன அவசரமோ."

பாஸ்கோ பொறுமையிழந்து இறங்கி, சந்தின் நடுவே போய் நின்று பச்சைக் காரைக் கையசைத்துக் கூப்பிட்டார். வந்தது வினை. நடந்து போகிறவருக்கு வழி விட வேண்டாமா? இரண்டு கார்களும் அவருக்காக ஆளுக்கொரு பக்கம் பெரிய சாலை வரை பின்னாலேயே போய்விட்டன. கொட்டும் மழையில் மனுஷன் தன்னந்தனியாக நின்றார். தேர்வாளரையே வழியில் விட்டுவிட்டுப் போனவனுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா?

நான் அழுதே விட்டேன். சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். டென்ஸில் போய்த் திறந்தான். கையில் சூடான குங்குமப்பூ ரொட்டியோடு ஒரு பெண். பெயர் லவ்டே. பச்சைக் காரை ஓட்டியவள். பாஸ்கோவிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னாலதான் நீங்க தோத்தீங்க. மன்னிச்சிடுங்க."

"ஐயோ, தப்பு என்னுதுங்க. நான்தான் முந்திக்கிட்டு ஒதுங்கினேன்."

"இல்லைங்க, நான்தான்."

"உள்ள வாங்க."

"நீங்க முதல்ல போங்க."

இருபது நிமிடம் வாசற்படியிலேயே இந்தக் கூத்து. ரொட்டி ஆறிப்போனது.

"அடச்சே! யாராவது ஒருத்தர் உள்ள வந்து தொலைங்களேன்!" என்று கத்தினேன். இருவரும் சேர்ந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

லவ்டேக்கு வேலை அந்தப் பண்ணைக்குப் பக்கத்திலேயே, கால்நடை மருத்துவரிடம். "தப்பா நினைக்கலேன்னா, திங்கட்கிழமையிலேருந்து நான் இவரைக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றாள். தப்பாவா! அவளைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தனியாகக் கிளம்பினேன். மணி ஆறு பத்து. பாதிச் சந்தில் எதிரே ஒரு கார். ஒதுங்குமிடம் அவனுக்கு அஞ்சடியில், எனக்கோ எங்கேயோ. 'இன்னிக்கு நான் நகர மாட்டேன்டா' என்று பல்லைக் கடித்தேன். கடித்த பல் கடித்தபடி இருக்க, என் வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் பின்னாலேயே இன்னும் ஆறு வண்டிகள். ஏழு பேருக்கும் கையசைத்தேன், சிரிக்கவும் செய்தேன். என் வாயில் கொள்ளியை வைக்க!

முதல் நாளே கால் மணி நேரம் தாமதம். மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

"வழியில ஏழு வண்டிக்கு ஒதுங்க வேண்டியதாப் போச்சு சார்."

"ஏழுதானே?" என்றார். "எனக்குப் பதினொண்ணு." அவரும் அப்போதுதான் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.