மாமியின் குசினிக்கு ஒரு துருவலை

இன்று கராஜில் மிஞ்சிக் கிடந்த லொறி வில்லுத் தகட்டை வெட்டி, பல் அராவி, பலகைத் துண்டில் பூட்டி ஒரு தேங்காய்த் துருவலை செய்தேன்.

மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீடு என்றால் மனைவியின் வீடு. எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆம்பிளைகள் எல்லோரும் போய் இருக்கும் இடம் அதுதானே.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் நின்று மகளுக்குச் சொல்வார், எனக்குக் கேட்கும் சத்தத்தில்.

"புள்ள, கராஜ் குப்பையெல்லாம் குசினிக்குள்ள எடுக்காத. மூத்த மருமகன் கண்டா வெக்கம்."

மூத்தவர் வாத்தியார். ஆணி அடித்தால் தன் விரலில்தான் அடிப்பார்.

பின்னேரம் குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ராத்தா வந்திருந்தார்.

"பூப்போல விழுகுதே மாமி. எங்க வாங்கின?"

"மூத்த மருமகன் மட்டக்களப்பில இருந்து கொண்டந்து தந்தது."

நான் திரைக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணியோடு இருந்தேன். மாமியோடு கதைக்கவே கூடாதவன் மாமியை மறுத்து எப்படிக் கதைப்பது?

"எனக்கும் ஒண்டு எடுத்துத் தரச் சொல்லுங்க."

"ஓம், சொல்றன்."

ராத்தா போனதும் மனைவி திரையை விலக்கினாள்.

"மச்சான், இன்னொண்டு செய்ய ஏலுமாண்டு உம்மா கேக்கிறா."

தகடு மிச்சம் இருக்கிறது. இந்தத் தடவை பல்லை மாமியின் நாக்கு அளவுக்கு அராவலாம் என்று இருக்கிறேன். அவ்வளவு கூர்மையை இரும்பு தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.