கிரிட்டுக்கு ஒரு விரல்

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்த புதிதில் ஒற்றை வால்வு ரேடியோ ஒன்றை நானே கட்டினேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே ரேடியோ அதுதான். ஹெட்போனைப் பித்தளைப் பாத்திரத்துக்குள் வைத்தால் கூடம் முழுக்கக் கேட்கும் என்று பீற்றிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும், அவ்வளவுதான்.

வானொலி அலை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஆடுவது. பாடுபவர் குரலுக்கு ஏற்ப அதன் பலம் கூடிக் குறையும். அந்த வேகத்துக்கு ஹெட்போன் தகடு ஈடுகொடுக்காது. வால்வு என்ற கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் கிரிட் என்ற கம்பிவலை மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் விடும். அதனால் ஆட்டம் அடங்கி, கூடுவதும் குறைவதும் மட்டும் மிஞ்சும். அதுதான் நமக்குக் கேட்கிற பாட்டு. ஆனால் கிரிட்டில் சேரும் மின்சாரம் மெல்ல வடிய வேண்டும், இல்லாவிட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும். அதற்காகப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, இரண்டு திருகாணிகளுக்கு நடுவே மாட்டியிருந்தேன். பென்சில் கரி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் வடியும்.

என் தங்கைக்குத் திருச்சி வானொலியில் பாட அழைப்பு வந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்மாத்துப் பொண்ணு ஊருக்கெல்லாம் பாடணுமா?" என்றவர், அதன்பின் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். பாட வேண்டிய நாளன்று காலை அவள் மாமாவோடு நிலையத்துக்குப் போனாள். அப்பா கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

ஹெட்போனைப் பாத்திரத்துக்குள் வைத்து ரேடியோவைப் போட்டேன். தங்கையின் குரல் இரண்டு வார்த்தை வந்து அடைத்துக்கொண்டது. அட்டையில் பென்சில் கோட்டைக் காணோம்.

"குளிக்கறதுக்கு முன்னாடி ஈரத்துணியால தொடைச்சேன்டா. அழுக்குன்னு நெனச்சேன்," என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்தே. நல்ல நாளென்று வீட்டைச் சுத்தம் செய்தாளாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊறிப்போன அட்டையில் பென்சில் பிடிக்கவில்லை. திருகாணிகள் இரண்டையும் சேர்த்து விரலால் தொட்டேன்; பாட்டு வந்தது. தோல் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் வடியும். ஆனால் என் இரண்டு கைகளும் குமிழ்களில் இருந்தாக வேண்டும், விட்டால் ரேடியோ ஊளையிடும். அம்மாவோ மடியாகத் தளிகை செய்துகொண்டிருந்தாள்; அது முடியும்வரை வேறெதையும் தொடமாட்டாள்.

"அப்பா, இங்கே ஒரு விரல் வைக்கணும்."

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது."

பேப்பரை மடித்துவிட்டு வந்தார். விரலை வைத்தார். வியர்வையில் சத்தம் மங்கியபோது, நான் சொல்லாமலே வேட்டியில் துடைத்துவிட்டு மறு கை விரலை வைத்தார்.

தம்புரா ஓய்ந்தது.

"முடிஞ்சுடுத்துப்பா, கையை எடுத்துடுங்கோ."

"இருடா. பாடினது யாருன்னு இப்போ சொல்லுவா."